கிருமியின் சர்க்கரைப் போர்வை

பெரியவர்களுக்கு நெடுங்காலமாகப் போடப்பட்டுவந்த நிமோனியா தடுப்பூசி கைக்குழந்தைகளிடம் ஏன் பலிப்பதில்லை, கிருமி இருவருக்கும் ஒன்றுதானே என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி, அதற்கான விடை அந்தக் கிருமியின் மேனியிலேயே இருக்கிறது.

நிமோனியாவை உண்டாக்கும் பாக்டீரியாக்களில் முதன்மையானது நிமோகாக்கஸ். அதன் செல்சுவருக்கு வெளியே, சர்க்கரை மூலக்கூறுகளை நீண்ட சங்கிலிகளாகக் கோத்துச் செய்த தடித்த உறை ஒன்று உண்டு. கிருமியை வெள்ளணுவுக்கு அடையாளம் காட்டும், இரத்தத்திலுள்ள நிரப்புப் புரதங்கள் (complement) செல்சுவரில் ஒட்டினாலும் அவை இந்த உறைக்கு அடியில் புதைந்துவிடுகின்றன; விழுங்க வரும் வெள்ளணுவுக்குப் பிடி கிடைப்பதில்லை. உறைக்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது கிருமியைப் பற்றிக்கொள்ள உடல் உருவாக்கும் Y வடிவப் புரதம், இந்த நிலையை மாற்றுகிறது. அது தன் இரு கைகளாலும் உறையின் மேற்புறத்தைப் பற்றி, வாலை வெளியே நீட்டிக்கொண்டு நிற்க, வெள்ளணு அந்த வாலைப் பிடித்துக் கிருமியை விழுங்கிவிடுகிறது. 1902இல் ஜெர்மன் பாக்டீரியா ஆய்வாளர் ஃபிரெட் நாய்ஃபெல்ட் இத்தகைய ஆன்டிபாடிகள் கொண்ட இரத்தச் சீரத்தைக் கிருமிகளோடு கலந்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, மங்கலாக இருந்த உறை பருத்து எடுப்பாகத் தெரிந்தது. ஆன்டிபாடி உறையில் படிவதைக் கண்ணால் காட்டும் இந்தச் சோதனை எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

குழந்தையின் சிக்கல் ஆன்டிபாடி உருவாகும் இடத்தில் இருக்கிறது. அதை உருவாக்குவது பி செல் என்னும் வெள்ளணு. வழக்கமாக அதற்கு டி செல் என்னும் மற்றொரு வெள்ளணுவின் ஒப்புதல் தேவை. ஆனால் டி செல் பார்ப்பது புரதத் துண்டுகளை மட்டுமே. பெரியவர்களுக்கான அந்தப் பழைய தடுப்பூசியில் இருப்பதோ உறையின் சர்க்கரை மட்டுமே; வெறும் சர்க்கரை அதன் கண்ணில் படாது. ஆனாலும், திரும்பத் திரும்ப ஒரே வடிவம் வரும் நீண்ட சர்க்கரைச் சங்கிலி, பி செல்லின் பல ஏற்பிகளை ஒரே நேரத்தில் இழுத்துப்பிடித்து அதைத் தனியாகவே எழுப்பிவிட முடியும். இந்த வேலைக்கு முக்கியமான பி செல்கள் மண்ணீரலில் இருக்கின்றன. அவை ஏறத்தாழ இரண்டு வயது வரை முதிர்ச்சி அடைவதில்லை. எழுந்தாலும், டி செல்லின் துணை இல்லாததால், நீடித்த நினைவாற்றல் உருவாவதில்லை.

இதற்குக் கண்ட தீர்வுதான் என்னை மிகவும் கவர்ந்தது. சர்க்கரைச் சங்கிலியை ஒரு புரதத்தோடு வேதிப்பிணைப்பால் இணைத்துவிடுகிறார்கள். நச்சுத்தன்மை நீக்கப்பட்ட டிப்தீரியா புரதம் இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. சர்க்கரையை அடையாளம் கண்ட பி செல், அதோடு ஒட்டியிருக்கும் புரதத்தையும் சேர்த்தே உள்ளிழுக்கிறது. உள்ளே புரதத்தை நறுக்கி, அதன் துண்டுகளை மேற்பரப்பில் ஏந்திக் காட்டுகிறது. புரதத் துண்டைக் கண்ட டி செல் ஒப்புதல் அளிக்கிறது. அந்த ஒப்புதலைப் பெற்ற பி செல் உருவாக்குவதோ சர்க்கரைக்கு எதிரான ஆன்டிபாடியை! டி செல் ஒன்றை அறிந்து உதவ, பி செல் வேறொன்றைத் தாக்குகிறது. இரண்டும் ஒரே மூலக்கூறில் கட்டுண்டிருப்பதால்தான் இது நடக்கிறது. நினைவு செல்களும் உருவாகின்றன, கைக்குழந்தையிடமும்கூட.

சர்க்கரையைப் புரதத்தோடு இணைத்தால் ஆன்டிபாடி பெருகும் என்பதை ஆய்வாளர்கள் ஆஸ்வால்ட் ஏவரியும் வால்ட்டர் கோபெலும் 1929இலேயே முயல்களிடம் காட்டிவிட்டார்கள். இந்த உத்தியில் அமைந்த முதல் தடுப்பூசி, சர்க்கரை உறை கொண்ட மற்றொரு பாக்டீரியாவான ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சா பி கிருமிக்கு எதிராக, அமெரிக்காவில் 1987இல்தான் அனுமதி பெற்றது. நிமோகாக்கஸுக்கு 2000 வரை காத்திருக்க நேர்ந்தது. இடையில் சல்ஃபா மருந்துகளும் பெனிசிலினும் வந்ததும், இனித் தடுப்பூசி எதற்கு என்ற எண்ணம் பரவியது. ஒரு மருந்து கிடைத்துவிட்டது என்பதற்காக அடிப்படை ஆய்வுக்கான நிதியைச் சுருக்குவது பெரும் தவறு என்றே நான் கருதுகிறேன். அதன் விலையைக் குழந்தைகள் கொடுத்தார்கள்.

நிமோகாக்கஸில் உறையின் வேதியமைப்பால் வேறுபடும் வகைகள் 100க்கும் மேல் உள்ளன. ஒன்றுக்கான ஆன்டிபாடி பெரும்பாலும் மற்றொன்றைப் பற்றாது. ஆகவே 7 வகைகளோடு தொடங்கிய இணைப்புத் தடுப்பூசி 13, 20 என்று வளர்ந்துவருகிறது. குழந்தைகளின் மூக்கிலும் தொண்டையிலும் கிருமி குடியிருப்பதையும் அது குறைப்பதால், ஊசி போட்டுக்கொள்ளாத முதியவர்களிடமும் அந்த வகைகளால் வரும் நோய் குறைந்தது. இன்று பல நாடுகளில் பெரியவர்களுக்கும் இந்த இணைப்புத் தடுப்பூசியே பரிந்துரைக்கப்படுகிறது.