கட்டா தெரிகிறது, கையைப் பிடித்தால் விடுவிக்கத் தெரியவில்லை

போன வாரம் பாம்பன் பக்கமிருந்து ஒரு பையனைக் கூட்டி வந்தார்கள். பத்தாவது படிக்கிறான், கராத்தேயில் பிரவுன் பெல்ட். முன்கையில் நீளமாகத் தையல். மீன் ஏலம் போடுகிற இடத்தில் ஏதோ வாய்த்தகராறு, எதிரில் நின்றவன் கையில் மீன் வெட்டுகிற கத்தி. நம்ம ஆள் ஓடவில்லை. இரண்டு கையையும் குறுக்கே வைத்து 'எக்ஸ் பிளாக்' போட்டிருக்கிறான். "கட்டாவுல அப்படித்தானே மாஸ்டர் இருக்கு" என்று என்னிடமே கேட்கிறான். கட்டா என்றால் எதிரில் ஆள் இல்லாமல், வரிசை மாறாமல் தனியாகச் செய்து பழகுகிற அசைவுகளின் தொகுப்பு. நரம்பு தப்பியது அவன் நல்ல நேரம். இவனுக்கு முந்தி ஒரு பெண், அவளுக்கு முந்தி இன்னொரு பையன் என்று இந்தக் கதை நிற்கிற மாதிரி தெரியவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கட்டாவுக்கு எதிரி இல்லை. இந்தக் கடற்கரையில் ஷோட்டோகான் கராத்தே சொல்லிக்கொடுத்துத்தான் பிழைக்கிறேன். கட்டாவை வைத்துச் சொல்கிற கதைதான் எனக்கு ஆகவில்லை.

என்ன கதை? நாலு பக்கமும் நாலு பேர் நிற்கிறார்களாம். இடது பக்கத்துக்காரன் உதைக்கிறான், தட்டிவிட்டுக் குத்துகிறோம். உடனே பின்னால் இருக்கிறவன் உதைக்கிறான், திரும்பி அவனையும் தட்டுகிறோம். அப்புறம் நடுவில் ஒருவன் மேலேயிருந்து அடிக்கிறான், அவன் அடிக்க அடிக்க நாம் முன்னால் போய்க்கொண்டே இருக்கிறோம், அவன் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறான். ஆண்டு விழா மேடையில் இதற்கு மைக்கில் வர்ணனை வேறு. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், எந்த ஊர் ரவுடி தன் முறை வரும்வரை வரிசையில் நிற்கிறான்? முதல் ஆளைக் குத்தி முடிக்கும்வரை முதுகுக்குப் பின்னால் இருப்பவன் என்ன செய்துகொண்டிருந்தான், பீடி குடித்தானா? கீழே வீசுகிற முன்கையால் முழு வேகத்தில் வரும் காலைத் தடுத்தால் முதலில் உடைவது உங்கள் முன்கை எலும்புதான், உதைக்கிறவனின் கணைக்கால் எலும்பு அதைவிடத் தடிமன். கட்டாவில் திரும்புகிறோமே, அது பின்னால் ஆள் வந்துவிட்டான் என்பதற்காக இல்லை. பிடித்திருக்கிற ஒரே ஆளைச் சுற்றி நாம் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும், இடுப்பை எந்தப் பக்கம் திருப்பினால் அவன் நிலை தடுமாறுவான் என்பதற்காக. ஆள் ஒருவன்தான். அவனும் தள்ளி நிற்கவில்லை, சட்டையைப் பிடித்துக்கொண்டு மூச்சு முகத்தில் படுகிற தூரத்தில் நிற்கிறான். இந்த ஒரு விஷயம் மண்டையில் ஏறிவிட்டால் கட்டாவில் பாதிக்கு மேல் தானாக விளங்கும்.

இந்தக் கதை வந்த வழியும் தெரிந்ததுதான். ஜப்பானின் ஒகினாவாத் தீவில் இதோசு அங்கோ என்கிற ஆசான் 1900களின் தொடக்கத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கராத்தேயைக் கொண்டுவந்தார். சின்னப் பிள்ளைகளுக்காக அவர் அமைத்த ஐந்து பினான் கட்டாக்களைத்தான் பின்னாளில் அவர் மாணவர் புனகோஷி ஹெய்யான் என்று பெயர் மாற்றினார். புனகோஷி டோக்கியோவில் போய்ச் செய்து காட்டியது 1922இல். மைதானத்தில் வரிசையாக நிற்கவைத்து இச்சி, நி, சான் என்று எண்ணிக்கை போட்டுச் சொல்லிக்கொடுத்தால் அசைவு வரும், உடம்பு வரும், ஒழுங்கு வரும், ஆனால் எதிரில் ஆள் இல்லையே. அதே இதோசு 1908இல் எழுதிய பத்துக் குறிப்புகளில் முதலாவதைப் படித்தாலே போதும். கராத்தே ஒண்டிக்கு ஒண்டி மோதிப் பார்ப்பதற்கு இல்லை, எதிர்பாராமல் ஒரு முரடன் எதிர்ப்பட்டால் அடிபடாமல் தப்பிப்பதற்கு என்கிறார். நம் பள்ளிகளில் பெண்பிள்ளைகளுக்கு அரசு நடத்தும் மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சியும் பல இடங்களில் இந்த மைதான வரிசையிலேயே முடிந்துபோகிறது. கடைசியில் புகைப்படம் நன்றாக இருக்கும்.

தங்கச்சிமடத்திலிருந்து வருகிற ஒரு பெண், ஒன்பதாவது படிக்கிறாள். அந்த ஐந்தில் முதலாவதான ஹெய்யான் ஷோடான் செய்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு சுத்தம். அவள் அம்மா கருவாட்டு வியாபாரம். "பஸ்ஸுல ஒருத்தன் கையப் பிடிச்சிருக்கான் மாஸ்டர், இவ அப்படியே நின்னுட்டா. வருசக்கணக்கா பீஸ் கட்டுறேனே" என்றார். "சரிக்கா, நீங்களே புள்ள வலது கையப் பிடிங்க, விடாதீங்க" என்றேன். கூடை தூக்கித் தூக்கி உரம் ஏறிய கை, இரும்புப் பிடி. அந்தப் பெண் பெரிய அடி எடுத்து வைத்து, இடது கையைக் காற்றில் வீசி, அழகாக ஒரு கெடான் பராய், அதாவது முன்கையைக் கீழே வீசித் தடுக்கிற அசைவு, போட்டாள். அம்மாவும் அவள் கூடவே ஓர் அடி நகர்ந்து வந்தார், அவ்வளவுதான். பிடி அப்படியே இருந்தது. சிரித்துக்கொண்டே பிடித்தவர் முகம் மாறிவிட்டது.

அதே அசைவைத்தான் திரும்பச் செய்யவைத்தேன். இப்போது இடது கை முதலில் வலது காதுப் பக்கம் போகிறதே, அதை எல்லோரும் 'தயார் நிலை' என்று சொல்லி அவசரமாகத் தாண்டிவிடுவார்கள். அங்கேதான் வேலையே இருக்கிறது, அந்த முன்கை முகத்தையும் தாடையையும் மூடுகிறது. பிடிபட்ட வலது கையைத் திருப்பி அவர் மணிக்கட்டைப் பற்றி இடுப்புக்கு இழுக்க வேண்டும். இடுப்பில் கை வைப்பது அழகுக்கு இல்லை, அந்தக் கைக்குள் எதிராளியின் கை இருக்கிறது. இழுத்த அதே நொடியில் இடது முன்கை அவர் கைமேல் முழு உடம்புக் கனத்தோடு இறங்க வேண்டும். நாலாவது அசைவு இன்னும் நேரடியானது, பிடித்தவரின் கட்டைவிரல் பக்கமாகத் திருப்பி உருவி, சுற்றிக் கொண்டுவந்து முஷ்டியால் மேலிருந்து போடுவது. பிடியில் வலுக் குறைந்த இடம் கட்டைவிரல்தான். கொஞ்ச நேரத்தில் அம்மாவே முன்னால் தடுமாறி "அடியே மெதுவா" என்று கத்தினார். இத்தனைக்கும் அந்தப் பெண்ணுக்குப் புது அசைவு எதையும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

எதிரில் ஆள் இல்லாமல் கட்டா மட்டும் செய்வது கரையில் படுத்துக்கொண்டு நீச்சலடிப்பதுதான். ஆள் மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். குட்டை, நெட்டை, வேர்த்த கை, மீன் எண்ணெய் வழுக்குகிற கை, எல்லாம் வேண்டும். மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை, விசைப்படகுக்குப் போகிற அப்பாக்கள் கரையில்தான் இருப்பார்கள். அந்த 61 நாளில் நான் அவர்களையும் உள்ளே இழுத்துவிடுவேன், வலை இழுக்கிற கை பிடித்தால் பிள்ளைகளுக்கு உண்மை தெரிந்துவிடும். வெள்ளை உடையில் மட்டும் பயிற்சி என்பதும் கூடாது. சுடிதார் ஷாலோடு, தோளில் பள்ளிப் பையோடு, செருப்போடு செய்யுங்கள். கீழக்கரைப் பிள்ளைகள் புர்காவோடே செய்கிறார்கள், கால் உயர்த்தி உதைக்கிற வேலையெல்லாம் அங்கே நடக்காது, கையும் முழங்கையும் போதும் என்பது முதல் நாளே புரிந்துவிடும். கடற்கரை மணலில் நீளமாகக் கால் பரப்பி நின்றால் திரும்பவே முடியாது, சந்தேகம் இருந்தால் அரியமான் மணலில் நின்று பாருங்கள்.

கத்திக்கு வருகிறேன். ஐந்தாவது கட்டாவான ஹெய்யான் கோடானில் கையைக் குறுக்கே வைக்கும் அசைவு இருக்கிறது, உண்மைதான். அது கத்திக்கு என்று உங்களுக்கு யார் சொன்னது? கத்திக்காரன் தலைக்கு மேல் ஓங்கி ஒரே ஒரு தடவை வெட்டிவிட்டு அப்படியே நிற்பதில்லை. குத்தி, இழுத்து, மறுபடி குத்துவான். முன்கையை அதன் எதிரில் நீட்டினால் கிழிபடுவது உறுதி. போனைக் கேட்டால் கொடு, செயினைக் கேட்டால் கொடு, ஓடு. டீக்கடை இருக்கிற பக்கம், ஆள் நிற்கிற பக்கம், "விடு" என்று கத்திக்கொண்டே ஓடு. கியாய் போடத் தொண்டை கிழியக் கத்துகிறீர்களே, அந்தச் சத்தம் தெருவில் வேண்டும். போனில் வீடியோ பார்த்துக் கத்தி பிடுங்கக் கற்றுக்கொள்கிறேன் என்று யாராவது வந்தால் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது.

வீட்டில் தம்பி தங்கையிடம் மணிக்கட்டு மடக்கிப் பார்ப்பதும் வேண்டாம். வளர்கிற எலும்பு அது. மூட்டை மடக்கிப் பூட்டுப் போட்டால், போதும் என்று எதிராளி கையால் தட்டியதும் விட வேண்டும், முதலில் அதைப் பழகுங்கள். கழுத்து நெரிக்கிற எதையும் பிள்ளைகள் தனியாகச் செய்யக் கூடாது. எட்டு வயதுப் பையனை ஓடு உடைக்கவைத்து 'உலக சாதனை' என்று பேனர் கட்டுகிறவர்களைப் பற்றி இங்கே எழுதினால் நாகரிகமாக எழுத வராது, விட்டுவிடுகிறேன்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை தற்காப்பு உரிமையைப் பற்றிய பிரிவுகள். உரிமை உண்டு, ஆனால் தப்பிக்கத் தேவையான அளவுக்குத்தான். விழுந்து கிடப்பவனை நாலு மிதி மிதித்தால் வழக்கு உங்கள் மேலும் வரும். பிளாக் பெல்ட் என்று சொல்லிக்கொண்டு ஸ்டேஷனில் நின்றால் அனுதாபம் கிடைக்காது.

பெற்றோரிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஒன்று. பிள்ளை உறைந்து நின்றுவிட்டது என்றால் "கராத்தே படிச்சும் ஏன் அடிக்கலை" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். பயத்தில் உடம்பு உறைவது இயல்பு, பெரியவர்களுக்கும் வரும். அப்படிக் கேட்டுவிட்டால் அடுத்த முறை நடப்பதை உங்களிடம் சொல்லவே மாட்டாள். அதுவும் கை வைத்தவன் மாமாவோ, டியூஷன் வாத்தியாரோ, பக்கத்து வீட்டு அண்ணனோ என்றால் எந்தக் கட்டாவும் உதவாது, நீங்கள்தான் உதவ வேண்டும். உதவிக்குக் கூப்பிடுகிற போன் எண்கள்: குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, உடனே போலீஸ் வேண்டுமென்றால் 112. பிள்ளையின் நோட்டில் எழுதிக் கொடுங்கள்.

எங்கே சேர்ப்பது என்று கேட்பவர்கள் வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகள் ஒருவரையொருவர் பிடிக்கிறார்களா, இல்லை மொத்த நேரமும் காற்றைத்தான் குத்துகிறார்களா? மாஸ்டரிடம் ஏதாவது ஓர் அசைவைக் காட்டி "இது எதுக்கு" என்று கேளுங்கள், உங்கள் கையைப் பிடிக்கச் சொல்லியே காட்டுகிறாரா பாருங்கள். "அதெல்லாம் பிளாக் பெல்ட்டுக்கு அப்புறம்" என்றால் பீஸை உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். என் வகுப்பில் அடுத்த பெல்ட் டெஸ்டிலிருந்து கட்டாவைச் செய்துகாட்டினால் மட்டும் போதாது, அதில் எந்த மூன்று அசைவை நான் கேட்டாலும் ஆள் பிடித்திருக்கும்போது செய்துகாட்ட வேண்டும். பெயிலானால் பெயில்தான், "சொந்தக்காரங்க எல்லாம் வந்திருக்காங்க, எப்படியாவது பெல்ட்டக் கொடுத்துருங்க மாஸ்டர்" என்று யாரும் ஓரமாகக் கூப்பிட்டுப் பேசாதீர்கள்.