இலை அசையாத இரவில் காற்றாலை ஏன் இரைகிறது?

“காற்றாலை வந்த பிறகு எங்கள் பக்கம் மழை குறைந்துவிட்டது, ராத்திரி சத்தம் வேறு தாங்க முடியவில்லை என்கிறார்கள். இரண்டும் உண்மையா?” என்று ராதாபுரம் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

மழை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தின் பெரும்பகுதியைக் கேரளப் பக்கத்து மலைச்சரிவிலேயே கொட்டிவிடுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்கிப் புகுந்து முப்பந்தல் பக்கம் வருவது வேகமான, வறண்ட காற்று. அந்த வேகத்துக்காகத்தான் காற்றாலைகளை அங்கே நட்டார்கள். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் தேரிகள், இதே காற்று பல்லாயிரம் ஆண்டுகளாக மண்ணை அள்ளிக் குவித்தவை. அப்போது ஏது காற்றாலை? காற்றாலை மேகத்தை விரட்டுகிறது என்பது வெறும் நம்பிக்கை.

சத்தம் அப்படியல்ல. அதற்குப் பின்னால் இருக்கும் இயற்பியல் எனக்கு மிகவும் பிடித்தது.

பகலில் வெயில் தரையைச் சுட வைக்கிறது. சூடான காற்று மேலெழுந்து எல்லாவற்றையும் கலக்கிவிடுவதால் தரையருகே வீசும் காற்றுக்கும் 100 மீட்டர் உயரக் காற்றுக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. பொழுது சாய்ந்து, வானம் தெளிந்திருந்தால், தரை மளமளவென்று குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, அங்கேயே படிந்துவிடுகிறது. கலப்பு நின்றுபோவதால் மேலே ஓடும் காற்றைத் தரையின் உராய்வு இழுத்துப் பிடிப்பதில்லை. அது இன்னும் வேகமாக ஓடுகிறது. முற்றத்து வேப்பமரம் அசையாது, ஆனால் மேலே காற்றாலை முழுவீச்சில் சுற்றும். பகலில் அதன் சத்தத்தை அமுக்கிய பனையோலைச் சலசலப்பும் இப்போது இல்லை.

அப்புறம், இறக்கை உச்சிக்குப் போகும்போது வேகக் காற்றையும் கீழே வரும்போது மெதுவான காற்றையும் சந்திக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் காற்று அதன்மேல் படும் கோணம் மாறுவதால், பின்விளிம்பில் எழும் இரைச்சல் ஏறி இறங்குகிறது. மூன்று இறக்கைகள், நிமிடத்துக்கு 15 சுற்று என்றால் 45 முறை ‘வுஷ்... வுஷ்’. ஒரே சீரான இரைச்சல் காதுக்குப் பழகிவிடும், இந்தத் துடிப்பு பழகாது.

ஒலி சூடான காற்றில் வேகமாகவும் குளிர்ந்த காற்றில் மெதுவாகவும் போகும். இரவில் மேலே சூடு, கீழே குளிர். அதனால் ஒலியின் பாதை கீழ்நோக்கி வளைந்து, பகலில் எட்டாத வீடுகளையும் எட்டுகிறது.

ஜெர்மனியில், நெதர்லாந்து எல்லையோரம் ரேடே என்ற இடத்துக் காற்றாலைகளைப் பற்றி வான் டென் பெர்க் என்ற ஆய்வாளர் 2004இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் சொன்னது. இரவில் இறக்கை உயரத்துக் காற்று, எதிர்பார்த்ததைவிட 2.6 மடங்கு வரை வேகமாக இருந்தது. தரையருகே அதே காற்று வீசும் பகல் நேரத்தோடு ஒப்பிட்டால், சத்தம் 15 டெசிபல் வரை கூடுதல். 1,900 மீட்டர் தள்ளி இருந்தவர்கள்கூடப் புகார் சொல்லியிருந்தார்கள்.

காற்றாலை மின்சாரம் நமக்கு வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மழையைப் பற்றித் தப்பாகச் சொன்னார்கள் என்பதற்காக, தூக்கம் போச்சு என்கிற ஊர்க்காரர்களையும் மூடநம்பிக்கைக்காரர்கள் என்று ஒதுக்குவது நியாயமில்லை. பகல் 11 மணிக்கு வந்து அளந்துவிட்டுப் போனால் இந்தச் சத்தம் சிக்காது. திருநெல்வேலி, நாகர்கோவில் கல்லூரிகளின் இயற்பியல் துறைகளுக்குக் கொஞ்சம் நிதி கொடுத்தால், மாணவர்களே ஊர் மொட்டை மாடிகளில் ஒலிமானி வைத்து வருஷம் முழுக்க இரவில் அளந்துவிடுவார்கள். எந்தெந்த இரவுகளில் இறக்கையின் கோணத்தை மாற்றி வேகத்தைக் குறைக்க வேண்டும், எந்த வீட்டுக்கு எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை அந்தக் கணக்கை வைத்துப் பேசலாம்.