'பழிவாங்கும் ஆபாசம்' என்று எழுதாதீர்கள்

காதலை முறித்துக்கொண்ட பெண்ணின் தனிப்பட்ட படங்களை முன்னாள் காதலன் வாட்ஸ்அப்பில் விட்டான் என்றால், செய்தியில் 'பழிவாங்கும் ஆபாசம்' என்று போட்டுவிடுகிறார்கள். விழிப்புணர்வுத் துண்டறிக்கைகளிலும் இந்தத் தொடரைப் பார்த்துவிட்டேன். 'ரிவெஞ்ச் போர்ன்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த வினை இது. தமிழில் இது ஆங்கிலத்தைவிடக் கொடுமையாக ஒலிக்கிறது.

வேர்க்கதை சிறியது. 'போர்ன்' என்பது போர்னோகிராபியின் சுருக்கம். கிரேக்கத்தில் 'பொர்னே' என்றால் விலைமகள், 'கிராபெய்ன்' என்றால் எழுதுதல். நம் 'ஆபாசம்' வடமொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்குப் போலித் தோற்றம் என்று பொருள். தமிழில் அது அருவருப்பான, வெட்கங்கெட்ட என்றாகிவிட்டது.

'பழி'யில்தான் வம்பே இருக்கிறது. பழிவாங்குவது என்றால் அதற்கு முன்னால் ஒரு தீங்கு நடந்திருக்க வேண்டும். பாஞ்சாலி சபதம் செய்தாள், கண்ணகி மதுரையை எரித்தாள். நம் கதைகளில் பழிவாங்குகிறவர் அநீதிக்கு ஆளானவர், கேட்கிறவர் மனம் அவர் பக்கம்தான் சாயும். அந்தச் சொல்லை எடுத்து, ஒரு பெண் 'வேண்டாம்' என்று சொன்னதற்காக அவள் படத்தை ஊருக்குக் காட்டியவனுக்குச் சூட்டினால் என்ன ஆகும்? 'அப்படி அவள் என்ன செய்தாள்?' என்ற கேள்வி தானாக எழும். எழுதுகிறவரே அந்தக் கேள்வியைக் கையில் கொடுக்கிறார்.

பல வழக்குகளில் பழி என்ற பேச்சுக்கே இடமில்லை. பொள்ளாச்சியில் பெண்களை நட்பாகப் பழகி வரவழைத்து, வன்கொடுமை செய்து, அதைப் படமெடுத்து மிரட்டினார்கள். 2025 மே மாதம் கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்பளித்தது. கடன் ஆப் முகவர்கள் கடன் வாங்கியவரின் படத்தை மார்பிங் செய்து, அவருடைய போனில் உள்ள எண்களுக்கெல்லாம் அனுப்புகிறார்கள். அங்கே நோக்கம் பணம். ஒருவர் முகத்தை வைத்துக் கணினியால் போலிப் படம் ஆக்கும் டீப்ஃபேக் செய்கிறவனுக்கோ அந்தப் பெண்ணை முன்பின் தெரிந்திருக்கவே வேண்டாம்.

நோக்கத்தைப் பெயரில் ஏற்றினால் சட்டமும் தடுக்கி விழும். பிரிட்டனின் 2015ஆம் ஆண்டுச் சட்டம், மனவேதனை தரும் எண்ணத்தோடு பரப்பினான் என்று மெய்ப்பிக்கச் சொன்னது. காசுக்காகவும் விளையாட்டாகவும் பரப்பியவர்கள் நழுவ அதுவே வழியானது. 2023இல் வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம்தான், இசைவில்லாமல் பரப்பினாலே குற்றம் என்று ஆக்கியது.

அடுத்து 'ஆபாசம்'. பொள்ளாச்சிப் பதிவுகளையும் 'ஆபாச வீடியோ' என்றுதான் எழுதினார்கள். ஒரு வன்கொடுமையின் பதிவு எப்படி ஆபாசமாகும்? அந்த ஒரு சொல்லால் பார்வை செய்தவனை விட்டு அவள் உடம்புக்குப் போய்விடுகிறது. தேடிப் பார்க்கும் ஆசையையும் அதே தலைப்புதான் கிளப்பிவிடுகிறது. சாதியாலோ பாலினத்தாலோ ஏற்கெனவே ஏசப்படுகிற தலித் பெண்ணுக்கும் திருநங்கைக்கும் 'ஆபாசம்' என்ற முத்திரை இரண்டாவது அடி. புகார் கொடுக்கப் போனால் நிலையத்தில் அதே சொல்லைத்தான் முதலில் கேட்க வேண்டியிருக்கும்.

இதற்கு மாற்றாகச் சில தொண்டு நிறுவன வெளியீடுகளில் 'படிமம் சார்ந்த பாலியல் துஷ்பிரயோகம்' என்று வருகிறது. நோக்கம் நல்லது, தமிழ் நல்லதில்லை. படிமம் கோயிலுக்கும் கவிதைக்கும் உரியது. போனில் இருப்பது படம். 'சார்ந்த' வெறும் ஒட்டு. 'துஷ்பிரயோகம்' எனக்குச் சற்றும் ஒப்பாது. அதிகாரத்தைத் துஷ்பிரயோகம் செய்யலாம், நிதியைச் செய்யலாம். முறையாகப் பயன்படுத்த வேண்டிய ஒன்றைத் தவறாகப் பயன்படுத்துவது அது. பெண்ணுக்கு ஏது முறையான பிரயோகம்? இலங்கையில் 'சிறுவர் துஷ்பிரயோகம்' என்று நிலைத்துவிட்டது தெரியும். அங்கும் இதே குறை உண்டு.

நான் எழுதுவது 'அந்தரங்கப்பட வன்முறை'. அந்தரங்கமும் வடசொல்தானே என்று தனித்தமிழ் அன்பர்கள் கேட்பார்கள். 'அகப்படம்', 'மறைபடம்' என்றெல்லாம் ஆக்கலாம். ஆனால் புகார் எழுதும் பெண் அகராதி தேடக் கூடாது. சட்டத் துல்லியம் வேண்டிய இடத்தில் 'இசைவின்றி அந்தரங்கப் படம் பரப்புதல்' என்று விரித்துக்கொள்ளலாம். இசைவு என்பது இங்கே உயிரான சொல். படம் எடுக்க இசைந்தவள் பரப்ப இசைந்தவள் ஆகமாட்டாள் என்பதை, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவே விளக்கத்தில் சொல்கிறது. அந்தப் பிரிவு காப்பது பெண்களை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66E பிரிவு யாருடைய அந்தரங்க உறுப்பின் படமானாலும் பொருந்தும்.

'பரப்புதல்' என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. 'அந்த வீடியோவைப் பகிர்ந்தார்' என்று எழுதுகிறார்கள். பகிர்தல், தன்னுடையதைப் பிறருக்கும் கொடுப்பது. அந்தப் படம் அவனுடையதில்லை. அவன் செய்ததற்கு 'பரப்பினான்' என்று நேரான தமிழ் இருக்கிறது. செய்தி எழுதுகிறவர்கள் அதையே எழுதட்டும்.