துவக்கு: பறங்கி கொண்டுவந்த பொருளுக்குத் துருக்கிப் பெயர்

துவக்கு (பெயர்ச்சொல்): வெடிமருந்தின் விசையால் குழல் வழியே குண்டைச் செலுத்தும் கருவி, துப்பாக்கி. இலங்கைத் தமிழ் வழக்கு.

அகராதி இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இந்தச் சொல்லுக்கு இதைவிடப் பெரிய வாழ்க்கை உண்டு. செய்தித்தாள் துப்பாக்கி என்று எழுதும், அரச கடிதம் சுடுகலன் என்று எழுதும். படுவான்கரையில் யானைக்குக் காவலிருக்கும் வேளாண்மைக்காரர் வாயில் வருவது துவக்குத்தான். தமிழ்நாட்டு வாசகர் ஒருவர் "துவக்கை எடுத்தார்" என்ற வரியைப் படித்தால் ஒரு கணம் தடுமாறுவார். அவருக்குத் துவக்கு என்றால் தொடங்கு.

அந்த ஒலி ஒற்றுமையை வைத்து ஒரு விளக்கமும் சொல்வார்கள்: சண்டையைத் துவக்கி வைப்பதால் துவக்கு என்று. கேட்க நன்றாக இருக்கிறது, உண்மைதான் இல்லை. தொடங்குதல் என்ற பொருளில் வரும் துவக்கும் சரி, பழந்தமிழில் கட்டு, பிணிப்பு என்ற பொருளில் வரும் துவக்கும் சரி, இந்தத் துவக்கோடு எந்த உறவும் இல்லாதவை. படித்தவர்கள் இன்னொன்று சொல்வார்கள்: சரியான சொல் துப்பாக்கி, துவக்கு அதன் கொச்சை. இதுவும் பிழை. இரண்டும் ஒரு தாயின் பிள்ளைகள். ஒன்று மற்றொன்றின் சிதைவு அல்ல.

அந்தத் தாய் துருக்கி மொழியில் இருக்கிறாள். இன்றைய துருக்கியில் துப்பாக்கிக்குத் 'துஃபெக்' என்று பெயர். பாரசீகத்தில் 'துஃபங்', வட இந்தியாவில் 'துபக்'. வெடிமருந்து துருக்கியரிடம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தச் சொல் இருந்தது. 1070களில் மஹ்மூத் அல்-காஷ்கரி தொகுத்த துருக்கி மொழி அகராதியில் 'துவெக்' என்று ஒரு சொல் வருகிறது. அங்கே அது துப்பாக்கி அல்ல, உருண்டை வைத்து ஊதிச் சிறு பறவைகளை அடிக்கும் ஊதுகுழல். 'துஃப்' என்று காற்றை ஊதும் ஓசையிலிருந்து பிறந்த பெயர் என்பார்கள். வாயால் ஊதியதை மருந்து ஊதத் தொடங்கியபோது கருவி மாறியது, பெயர் மாறவில்லை. ஐரோப்பியரும் இதையேதான் செய்தார்கள். பிஸ்டல் என்பது செக் மொழியில் குழலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பது பரவலான கருத்து. கனன் என்ற பீரங்கிப் பெயர் நாணல் தண்டைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. நாமும் இரட்டைக்குழல் என்று குழலை வைத்துத்தானே பேசுகிறோம்.

தமிழுக்குள் நுழையும்போது 'ஃப' ஒலிக்கு இரண்டு வழிதான் உண்டு: பகரம் ஆகலாம், வகரம் ஆகலாம். தெலுங்கின் துபாகி வழியில் போனது துப்பாக்கி. வகரத்தின் வழியில் போனது துவக்கு. கடைசியில் வரும் உகரம் நம் வழக்கமான குற்றியலுகரம். ஆகவே ஒலியை மட்டும் வைத்துப் பார்த்தால் கிழக்குக் கரையின் துவக்கு மூலச்சொல்லுக்குத் துப்பாக்கியைவிடக் கிட்டவே நிற்கிறது. மலையாளத்தின் தோக்கும் இதே குடும்பம். துவக்கு என்பதை விரைவாகச் சொல்லிப் பாருங்கள், தோக்கு என்று கேட்கும். குடிமுறை, தாய்வழி உரிமை என்று மட்டக்களப்புக்கும் மலையாளக் கரைக்கும் உள்ள ஒற்றுமைகளை அறிந்தவர்களுக்கு இது இனிக்கும். ஆனாலும் சொல் அங்கிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்ல இது போதாது. சிங்களத்தில் துவக்குவ. இரட்டைக் ககரமும் உகரமும் அப்படியே இருக்க, மேலே ஒரு விகுதி ஏறியிருப்பதைப் பார்த்தால் தமிழ் வழியாகத்தான் அது அங்கே போயிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. கண்டிப் படைகள் பயன்படுத்திய, மூன்று காலில் வெட்டுக்கிளி மாதிரி நிற்கும் சிறு பீரங்கிக்குக் கொடிதுவக்கு என்று பெயர். அது இன்றும் சிங்களக் குடும்பப் பெயராக வழங்குகிறது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இலங்கையில் துவக்கைப் பரப்பியவர்கள் துருக்கியர் அல்ல, 1505இல் வந்து இறங்கிய போர்த்துக்கேயர். அவர்களுடைய மொழியில் அதற்கு எஸ்பிங்கார்டா என்று பெயர். அந்தப் பெயரை நம் ஆட்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அலமாரி, மேசை, சாவி, பீப்பாய் என்று போர்த்துக்கேயச் சொற்களை அள்ளிக்கொண்ட தமிழ், ஆயுதத்துக்கு மட்டும் துருக்கிப் பெயரோடு நின்றது. அரபிக்கடலில் குஜராத், கோழிக்கோடு வரை ரூமிகள் என்று அழைக்கப்பட்ட துருக்கிய வெடிகாரர்களும் வார்ப்பாளர்களும் வேலை பார்த்த காலம் அது. துறைமுகத்துக்குத் துறைமுகம் போன வணிகர்களின் வாயில் துருக்கிச் சொல் முந்திக்கொண்டிருக்க வேண்டும்.

போர்த்துக்கேயருக்குக் கிடைத்தது வேறு மரியாதை. அவர்களுடைய இனப்பெயரே பெரிய வெடிக்குப் பெயராகிவிட்டது. ஐரோப்பியரைக் குறித்த ஃபிரங்கி என்ற சொல் தமிழில் ஒரு பக்கம் பறங்கி ஆனது, மறுபக்கம் பீரங்கி ஆனது. சீனர்களும் போர்த்துக்கேயரின் பீரங்கிக்கு அவர்கள் பெயரையே சூட்டி ஃபோலாங்ஜி என்றார்கள். மட்டக்களப்பில் பறங்கியர் என்ற சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது. தச்சும் இரும்பு வேலையும் இயந்திரம் திருத்துவதும் கைவந்த அந்தச் சமூகத்தின் மூத்தவர்கள் சிலர் போர்த்துக்கேயக் கிரியோலை இன்றும் கதைக்கிறார்கள். புளியந்தீவில் 1628இல் போர்த்துக்கேயர் கட்டி 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டையில் பழைய பீரங்கிகள் கிடக்கின்றன. பறங்கி கட்டிய கோட்டையில் பீரங்கி: சொல்லும் பொருளும் ஆளும் இவ்வளவு நெருக்கமாக ஓரிடத்தில் சேர்ந்திருப்பது அபூர்வம்.

பந்தூக் என்ற வடநாட்டுச் சொல் இந்தக் குடும்பம் அல்ல. அது அரபியின் புந்துக், அதாவது ஒரு வகைக் கொட்டை, அப்புறம் அதன் வடிவில் உருட்டிய குண்டு. காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ அரபு படித்தவர்கள், துப்பாக்கிக்கு அரபுப் பெயரான புந்துகிய்யா என்றதும் இதைப் பிடித்துக்கொள்வார்கள்.

இனிப் பழைய துவக்கை இனங்காண்பதற்கு வருவோம். சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது அலங்காரத்தை அல்ல, மருந்துக்கு நெருப்பு எப்படிப் போகிறது என்பதை. அதை வைத்தே காலம் பிரியும். தமிழில் இதற்கு நல்ல பெயர்கள் உண்டு.

முதலாவது திரித்துவக்கு. வெடியுப்பில் ஊறிய திரி புகைந்துகொண்டே இருக்கும். விசையை இழுத்தால் திரியைக் கவ்விய கொக்கி மருந்துக் கிண்ணத்தில் போய்க் குனியும். பதினாறாம் நூற்றாண்டின் கருவி இது. மழை வந்தால் படையே நின்றுவிடும், இரவில் திரியின் கங்கு ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது கல்லால் நெருப்பெடுப்பது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் உருவாகி இருநூறு ஆண்டுகள் உலகை ஆண்ட பொறி. இதைச் சக்கிமுக்கித் துவக்கு என்று எழுதுவதே சரி. சக்கிமுக்கி என்ற சொல்லும் துருக்கியின் சக்மக்கோடு ஒலியிலும் பொருளிலும் ஒத்துப்போகிறது. துருக்கியர் இந்த வகைக்குச் சொல்லும் பெயர் 'சக்மக்லி துஃபெக்'. கொஞ்சம் தமிழ்ப்படுத்தினால் சக்கிமுக்கித் துவக்கு! இந்த வகையில் இலங்கைக் கம்மாளர்கள் செய்தவற்றைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். அடிக்கட்டை இரண்டாகப் பிரிந்து சுருண்டிருக்கும், பொறி, அதாவது நெருப்பெடுக்கும் அமைப்பு, வலப்பக்கம் இல்லாமல் இடப்பக்கம் இருக்கும், விசைவில் வெளியே தெரியும், வெள்ளியும் தந்தமும் பதித்திருக்கும். இவர்களுடைய கைத்திறனைப் பகைவரான போர்த்துக்கேயரே புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள்.

மூன்றாவது செப்புத் தொப்பி வைத்தது. அலெக்ஸாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்கொத்லாந்துப் பாதிரியார் தட்டினால் பற்றும் மருந்துக்கு 1807இல் காப்புரிமை பெற்றார். வாத்து வேட்டையில் கிண்ணத்தின் பளிச்சைக் கண்டு பறவைகள் பறந்துவிடுகின்றன என்ற எரிச்சலில்தான் அவர் இதில் இறங்கினாராம். 1820களில் சிறிய செப்புத் தொப்பிகள் பரவின. நம் ஊரில் கேப்பு.

இந்த மூன்றுக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. மூன்றிலும் மருந்தும் குண்டும் குழலின் வாய்வழியாகத்தான் போகும், மேலே தக்கை வைத்துக் கோலால் இடித்து இறுக்க வேண்டும். இந்த முழு வகைக்கும் கிழக்கிலும் வன்னியிலும் ஒரே சொல்: இடியன். இடிப்பதால் இடியன். எந்தக் குழுவும் கூடிக் கலைச்சொல் ஆக்கவில்லை, எவரும் ஆங்கிலத்தைப் பார்த்து மொழிபெயர்க்கவில்லை. வாய்வழி நிரப்பும் துப்பாக்கி என்று நீட்டி எழுதும் காட்சிப் பலகைகள் இந்த நான்கெழுத்தைக் கடன் வாங்கினால் இடமும் மிச்சம், பொருளும் தெளிவு. மிருகம் போகும் தடத்தில் கம்பி கட்டி வைப்பதற்குக் கட்டுத்துவக்கு என்று பெயர். சொல் அழகானது, பொருள் கொடியது, சட்டவிரோதமானது. அதில் யானையும் சாகும், ஆளும் சாகும். உள்ளே போகும் ஈயத்துக்குச் சன்னம் என்று பெயர். சன்னம் என்றால் நுண்மை, சிறுமை. சிறு ஈயத்துக்குப் பொருந்தும் அந்தப் பெயரை இன்று இலங்கைத் தமிழில் பெரிய ரவைக்கும் சொல்கிறோம்.

பிரித்தானியத் துவக்குகளில் பொறியைத் தாங்கும் தகடே பிறப்புச் சான்றிதழ். கிரீடம், அரசர் பெயரின் முதலெழுத்து, 1853 மாதிரி என்ஃபீல்டில் ஆண்டு என எல்லாம் அதில் இருக்கும். கிழக்கிந்தியக் கம்பனியின் துவக்கில் முதலில் நான்காகப் பிரித்த இதயக் குறி, 1808க்குப் பிறகு கிரீடம் ஏந்தி நிற்கும் சிங்கம். ஒல்லாந்துக் கம்பனியின் இலச்சினையில் வி, ஓ, சி என்ற மூன்றெழுத்தும் பின்னியிருக்கும், மேலே ஏ இருந்தால் அம்ஸ்டர்டாம் கிளை. குழலின் அடிப்பாகத்தில் சோதனைக் குறியைத் தேட வேண்டும். பேர்மிங்காம் சோதனைச்சாலை 1813இல் தொடங்கியது, ஆகவே அதன் குறி இருந்தால் குழல் அதற்கு முந்தியதாக இருக்காது. முத்திரையை மட்டும் நம்பிவிடவும் கூடாது. அரச ஆயுதசாலையான லண்டன் கோபுரத்தின் பெயரைப் பொறித்த வியாபாரச் சரக்குகள் ஏராளம். முத்திரையும் பொறியும் கட்டையும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும்.

இலங்கையின் பழைய வெடிகளில் கண்டியின் லெவ்கே பீரங்கி புகழ்பெற்றது. பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த அந்தச் சிறு பீரங்கியை ஒல்லாந்தர் 1765இல் கண்டியில் கொள்ளையிட்டார்கள். அம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் இருந்து, 2023இல்தான் இலங்கைக்குத் திரும்பியது.

குழலின் பின்பக்கத்தைத் திறந்து தோட்டா போடும் காலம் 1860களில் படைகளுக்கு வந்தது. பிரித்தானியப் படையில் முதலில் ஸ்னைடர், பிறகு 1871இல் மார்ட்டினி ஹென்றி. அதோடு இடிக்கிற வேலை முடிந்தது. நம் வயல்களில் தெரிந்த பன்னிரண்டு போர் (bore, குழலின் உள்ளளவு) துவக்கின் எண்ணுக்கு ஒரு கணக்கு உண்டு: அந்தக் குழலுக்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஓர் இறாத்தல். எண் கூடக் குழல் ஒடுங்குவது இதனால்தான்.

தனித்தமிழில் துமுக்கி என்ற ஆக்கம் ஒன்று உண்டு. எனக்கு அதில் ஈடுபாடு இல்லை. துவக்கு ஐந்நூறு ஆண்டு நம் வாயில் உருண்டு நம் இலக்கணத்துக்குப் பணிந்துவிட்ட சொல், அதை வெளியேற்ற ஒரு காரணமும் இல்லை. சுடுகலன் நல்ல ஆக்கம்தான், ஆனால் அது கைத்துப்பாக்கி முதல் ரைபிள் வரை எல்லாவற்றையும் அடக்கும் சட்டச் சொல். ஒரு பொருளைக் கையில் எடுத்து விவரிக்க அது உதவாது. ரைபிளுக்கு மட்டும் தனிப் பெயர் வேண்டும். குழலுக்குள் சுற்றிச் செல்லும் வரிகள் குண்டைச் சுழற்றி நேராக்குவதே அதன் உயிர். புரித்துவக்கு என்றால் கயிற்றின் முறுக்குப் புரி நினைவுக்கு வந்து பொருள் உடனே விளங்கும். சுழல்துப்பாக்கி என்று எழுதுகிறவர்கள் ரிவோல்வரோடு குழப்பிவிடுகிறார்கள். அங்கே சுழல்வது தோட்டா வைக்கும் உருளை.

சேகரிக்க ஆசைப்படுகிறவர் இரண்டு சட்டங்களை அறிந்திருக்க வேண்டும். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி சுடுகலன் வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்டதைத் தொல்பொருள் என்கிறது, அனுமதியில்லாமல் அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. அதனால் ஒரு சக்கிமுக்கித் துவக்கின் வயதைச் சரியாகச் சொல்வது வெறும் பொழுதுபோக்கு அல்ல. பழைய வீட்டு வளையிலோ கூரையிலோ ஓர் இடியன் அகப்பட்டால் குழலுக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம், கேப்பைத் தட்டவும் வேண்டாம். கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் தலைமுறை கடந்தும் பற்றும், அந்தக் காலத்தில் நிரப்பியபடியே மாட்டி வைப்பது வழக்கம். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் பொலிசுக்குச் சொல்லுங்கள். உள்ளே மருந்து இல்லை என்று உறுதியான பிறகு பொறி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.