ஐயர் மாற்றலாகிப் போகிறார், பதிவேடு எங்கே?

சபையார் 'ஐயர்' என்று அழைக்கும் குருவானவர்களின் இடமாற்ற உத்தரவு வெளிவந்த ஓரிரு மாதங்களில் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "சார், பழைய ஞானஸ்நானப் பதிவேடு ஒன்றைக் காணவில்லை. முன்பிருந்த ஐயரைக் கேட்டால் பீரோவிலேயே வைத்துவிட்டு வந்தேன் என்கிறார். பீரோவில் பாமாலைப் புத்தகங்கள்தான் இருக்கின்றன." போய்த் தேடுவேன். சில வேளை கிடைத்துவிடும். மணிக்கூண்டுப் படிக்கட்டின் அடியில், கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களைக் கட்டிப்போட்ட சாக்கில், ஒரு முறை ஆர்மோனியப் பெட்டிக்குள் கிடைத்தது. சில வேளை கிடைக்காது.

பழைய தாள்களைப் பழுதுபார்ப்பதும் பட்டியலிடுவதும் என் தொழில். தென்மாவட்டச் சேகரங்கள் (ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கும் சபைகள்) பலவற்றின் ஏடுகள் என் மேசைக்கு வந்து போயிருக்கின்றன. எல்லோரும் கரையானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரையில் பூச்சிகளைவிட அதிகமான ஏடுகளைக் கொண்டுபோனது பட்டியல் இல்லாத ஒப்படைப்பு. போகிறவர் சாவிக்கொத்தைக் கொடுக்கிறார், வருகிறவர் வாங்கிக்கொள்கிறார். ஜெபம் செய்கிறார்கள், தேநீர் குடிக்கிறார்கள். பீரோவைத் திறந்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்று இருவருமே நினைக்கிறார்கள். காணிக்கைப் பணத்தை எண்ணாமல் யாரும் வாங்குவதில்லை. ஏடுகளிடம் மட்டும் ஏன் இந்தப் பெருந்தன்மை என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

பேராயர் ஆளுகைக்கு உட்பட்ட திருச்சபைகளுக்கு எழுதிவைக்கும் பழக்கம் பிறவியிலேயே வந்தது. இங்கிலாந்தில் ஒவ்வொரு சபையும் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் மூன்றையும் பதிய வேண்டும் என்று 1538-இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஆணையிட்டார். அந்தப் பழக்கம் குருமார்களோடு கப்பலேறி இங்கே வந்தது. சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் தூய மரியாள் ஆலயம் 1680 அக்டோபர் 28 அன்று பிரதிஷ்டை செய்யப்பட்டது. அடுத்த வாரமே, நவம்பர் 4 அன்று, பின்னாளில் சென்னையின் ஆளுநரான எலிஹு யேலின் திருமணம் அங்கே பதிவானது. 1753-இல் ராபர்ட் கிளைவின் திருமணமும் அதே ஆலயத்தில்தான்.

சென்னை மாகாணத்து ஆலயப் பதிவுகளின் நகல்கள் 1698 முதல் லண்டனுக்குப் போயின. இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களோடு இருக்கின்றன. ஆனால் அந்த நகல்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்களும் ஆங்கிலோ இந்தியர்களும். மூல ஏட்டைக் கரையான் அரித்தாலும் கிளைவின் கல்யாணத்துக்குக் கடல் கடந்து ஒரு நகல் உண்டு. உங்கள் பாட்டனாரின் தாயார் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்திலோ மெஞ்ஞானபுரத்திலோ ஞானஸ்நானம் பெற்றதற்கு உலகத்திலேயே ஒரே ஒரு வரிதான் இருக்கக்கூடும். அந்த வரி இருப்பது, பூட்டு சரியாக விழாத ஒரு பீரோவில்.

திருநெல்வேலிச் சபையின் கதையே ஒரு பெயர்ப்பட்டியலில் தொடங்குகிறது. 1778-இல் தஞ்சாவூரிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர், குளோரிந்தா என்று நாம் அறிந்த பிராமண விதவைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1780-இல் எழுதப்பட்ட பட்டியலில் 40 பேர். 1896-இல் சாமுவேல் மார்லியை முதல் பேராயராகக் கொண்டு தனித் திருமண்டலமானது (ஒரு பேராயரின் ஆளுகைப் பகுதி), 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தது, 2003-இல் தூத்துக்குடி-நாசரேத் தனியாகப் பிரிந்தது எல்லாம் பிறகு வந்தவை. இந்த வரலாற்றில் நான் கவலையோடு கவனிப்பது ஒன்று உண்டு. எல்லை மாறிய ஒவ்வொரு முறையும் ஓர் அலுவலகத்துக் காகிதம் இன்னோர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. மிஷனரிச் சங்கங்களின் கடிதங்கள் தப்பிவிட்டன. எஸ்.பி.ஜி. சங்கத்தினுடையவை ஆக்ஸ்போர்டில், சி.எம்.எஸ். சங்கத்தினுடையவை பர்மிங்காமில் பத்திரமாக இருக்கின்றன. உள்ளூர்ச் சேகரத்தின் தீர்மானப் புத்தகமும் கல்லறைத் தோட்டத்துக் கணக்கும்தான் அனாதைகள்.

சரி, காணாமல் போன ஏடு பிறகு யாரோ ஒருவர் வீட்டில் கிடைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? தீரவில்லை. இதைச் சொன்னால் சபையை நிர்வகிக்கும் சபை மன்றத்தார் பலர் வியப்படைகிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆவணம் உரிய பொறுப்பிலிருந்து கொண்டுவரப்பட்டால், அதிலுள்ள கையெழுத்து உண்மையானதே என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம். பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 90-ஆவது பிரிவு அது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தில் 92-ஆவது பிரிவு. 'உரிய பொறுப்பு' என்றால், அந்த ஆவணம் இயல்பாக எங்கே, யார் கையில் இருக்க வேண்டுமோ அங்கே இருப்பது. விவாகப் பதிவேடு சேகரத்து வெஸ்ட்ரியில், அதாவது ஆலயத்தை ஒட்டிய குருவானவரின் அறையில், இருந்தால் அதற்கு அந்த வலு உண்டு. ஓய்வுபெற்ற ஒருவரின் பரணிலிருந்து இறங்கி வந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்கும் கேள்வி "இது அங்கே எப்படிப் போனது?" என்பதாகத்தான் இருக்கும். திருட்டு எண்ணத்தோடு யாரும் எடுத்துப் போவதில்லை. சபை வரலாறு எழுத வேண்டும், நூற்றாண்டு மலர் போட வேண்டும் என்று நல்ல மனதோடு எடுத்துப் போகிறார்கள். திரும்பி வருவதில்லை.

1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் இந்த அக்கறையை அன்றே காட்டியிருக்கிறது. ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபைக் குருவானவர்கள் ஆண்டுக்கு நான்கு முறை பதிவுகளின் நகலை அனுப்ப வேண்டும் என்றது. பதிவில் பிழை கண்டால் பழைய எழுத்தில் கைவைக்காமல், மணமக்கள் முன்னிலையில் ஓரத்தில் திருத்தம் எழுத வேண்டும் என்றது. வெள்ளை மை தடவி அதன்மேல் புதுப்பெயர் எழுதிய பக்கங்களை நான் பார்க்கும்போது எனக்குக் கோபத்தைவிட வருத்தமே அதிகம் வருகிறது. பாஸ்போர்ட்டுக்காக ஓர் எழுத்தைத் திருத்தப்போய் அந்தப் பக்கத்தையே சந்தேகத்துக்கு இடமாக்கிவிடுகிறார்கள்.

இனி, அன்பால் நேரும் சேதம். முதலில் லேமினேஷன். தயவுசெய்து செய்யாதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஏடுகளில் பல, மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துச் செய்த இரும்பு மையில் எழுதப்பட்டவை. முதலில் கறுப்பாக இருந்து பிறகு பழுப்பாக மாறும் அந்த மையில் அமிலம் உண்டு. அது மெல்ல மெல்லத் தாளையே தின்னும். எழுத்து இருந்த இடத்தில் எழுத்தின் வடிவத்திலேயே துளை விழுந்த பக்கங்கள் உண்டு. அப்படிப்பட்ட தாளைச் சூடான பிளாஸ்டிக்கில் பொதிந்தால் அமிலமும் உள்ளேயே அடைபடும். பிறகு என்னைப் போன்றவர்கள் அதைப் பிரித்தெடுக்க முயன்றால் மை பிளாஸ்டிக்கோடு வந்துவிடும். ஒட்டு நாடாவும் அப்படியே. ஐந்தாறு வருடத்தில் நாடா உதிரும், மஞ்சள் பசை தாளில் தங்கும். கிழிந்த பக்கத்தை ஒரு சுத்தமான வெள்ளைத் தாளுறையில் போட்டு அதே இடத்தில் வைத்தால் போதும். மெல்லிய ஜப்பானியத் தாளும் மாவுப் பசையும் கொண்டு அதை ஒட்ட ஆட்கள் இருக்கிறார்கள். அவசரமே இல்லை. கிழிந்த தாள் ஐம்பது ஆண்டு காத்திருக்கும்.

காத்திருக்காதது நனைந்த தாள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணிக் கரையில் ஏரல், ஸ்ரீவைகுண்டம் எல்லாம் வெள்ளத்தில் மிதந்தன. தண்ணீர் வடிந்த பிறகு நான் போன இடங்களில் ஏடுகளைத் திறந்து முற்றத்து வெயிலில் பரப்பியிருந்தார்கள். தாள் அப்பளமாக வளைந்து, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மூன்றாம் நாள் பூஞ்சணம் பூத்துவிட்டது. நனைந்த ஏட்டைத் திறக்கக் கூடாது. அப்படியே பிளாஸ்டிக் பையில் சுற்றி, நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் உறைகுளிரில் வைத்துவிட வேண்டும். உறைந்துவிட்டால் பூஞ்சணம் வளராது. பிறகு நிதானமாக ஒவ்வொன்றாக எடுத்து, நிழலில் மின்விசிறிக் காற்றில், பக்கங்களுக்கு நடுவே மை உறிஞ்சும் தாள் வைத்து உலர்த்தலாம். உறைகுளிருக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். கடற்கரை ஊர்களில் மீன் குளிர்பதனக் கிடங்கு இல்லாத இடம் எது? நான் பார்த்த ஒரு விவாகப் பதிவேடு சீலா மீன்களுக்குப் பக்கத்தில் மூன்று வாரம் படுத்திருந்துவிட்டு நல்லபடியாக வந்து சேர்ந்தது. வாசனை போகத்தான் இன்னும் சில வாரம் ஆனது. ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். அந்த வெள்ளத்தில் நூறாண்டுப் பழைய இரும்பு மை பெரும்பாலும் கலையாமல் நின்றது. பவுண்டன் பேனாவின் நீல மையும் ரப்பர் முத்திரையும்தான் கரைந்தோடின.

கைப்பேசியில் படமெடுத்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்கிறவர்களுக்கு ஒன்று. படம் எடுப்பது நல்லது, கட்டாயம் எடுங்கள். ஆனால் படம் வந்த பிறகு மூல ஏட்டைப் பழைய தாள் வியாபாரிக்குப் போட்ட இடம் ஒன்று எனக்குத் தெரியும். படங்கள் இருந்த கணினியும் பிறகு பழுதானது. அதைவிட மோசம், முழுப் பக்கங்களைச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது. பழைய ஏடுகளில் சாதி எழுதிய பத்தி உண்டு. தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'தெரியாது' என்ற ஒற்றைச் சொல் இருக்கும். அந்தக் குழந்தையின் பேரப்பிள்ளைகள் இன்று அதே சபையில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். சட்டப்படியும் இது சிறிய விஷயமாக முடியாது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவராக மாறியவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்ன, அரசு வேலைக்கான சாதிச் சான்று பற்றிய புதுச்சேரி வழக்கொன்றில் ஞானஸ்நானப் பதிவும் சான்றாகப் பேசப்பட்டது. அந்த ஆணை நியாயமா என்பது வேறு விவாதம், எனக்கு அதில் வலுவான கருத்து உண்டு. இங்கே நான் சொல்வது, ஒரு பக்கத்தைப் பொதுவில் போடுகிறவர் பிறருடைய வேலையோடும் விளையாடுகிறார் என்பது. கேட்பவருக்கு அவருடைய பதிவின் சான்று நகலை மட்டும் கொடுங்கள். ஆய்வாளர் வந்தால் வெஸ்ட்ரியிலேயே, யாராவது உடனிருக்க, பார்க்கச் சொல்லுங்கள்.

திருமண்டல அலுவலகங்களிலும் இதே கதைதான், அளவு பெரியது. சொத்துப் பத்திரங்கள், பள்ளி ஆசிரியர்களின் பணிப் பதிவேடுகள், குருப்பட்ட ஏடுகள். பத்திரங்களுக்கு மட்டும் எல்லோரும் பூட்டுப் போடுகிறார்கள், ஏனென்று சொல்ல வேண்டியதில்லை.

ஒப்படைப்புப் பட்டியலுக்குப் பெரிய படிப்பு தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வோர் ஏட்டுக்கும் ஒரு வரி: என்ன ஏடு, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எத்தனை பக்கம், எந்தப் பக்கம் இல்லை, இப்போது எந்த நிலையில் இருக்கிறது. போகிறவரும் வருகிறவரும் சபை மன்றச் செயலரும் கையெழுத்திட வேண்டும். ஒரு நகல் திருமண்டல அலுவலகத்துக்கு. ஏடு வெளியே போனால் யார் எடுத்தார், எப்போது, எதற்கு என்று அதே புத்தகத்தின் கடைசியில். முதல் முறை போட ஒரு நாள் ஆகும், அடுத்த முறை ஒரு மணி நேரம்.

போன ஆண்டு ஒரு சிறிய சேகரத்தில் இளம் குருவானவர் ஒருவர் இப்படி உட்கார்ந்து எழுதினார். நான் பக்கத்தில் இருந்து தூசி தட்டிக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு ஏடுகள் வந்தன. பீரோவின் அடித்தட்டில், துணியில் சுற்றி, ஒரு சாணுக்கும் குறைவான கட்டு ஒன்று இருந்தது. பிரித்தால் பனையோலைகள். கல்யாணத்துக்கு முன் ஆலயத்தில் அறிவிப்பு வாசிப்பதை எங்கள் பக்கத்தில் இன்றும் 'ஓலை வாசிப்பது' என்றுதான் சொல்கிறோம். உண்மையான ஓலையை அந்த ஆலயத்தில் பார்த்தது எனக்கும் அதுதான் முதல் முறை. எழுத்து மங்கலாக இருந்தது, அன்று படிக்க முடியவில்லை. குருவானவர் சற்று யோசித்துவிட்டு எழுதினார்: "எண் 23. ஓலைக்கட்டு ஒன்று. 31 ஓலைகள். இன்னதென்று இன்னும் தெரியவில்லை." கீழே மூன்று பேரும் கையெழுத்திட்டார்கள்.