இலத்திரனியல் சாட்சியம்: சொல்லும் பொருளும்

இலங்கை மலையகத்தின் அட்டனில் வேலைநீக்க வழக்குக்காகச் சட்டத்தரணியைத் தேடிப் போகும் தோட்டத் தொழிலாளியின் பையிலிருந்து, செக்ரோல் (தோட்டத்து வருகைப் பதிவேடு) நகலுக்கு முன்பே இன்று கைப்பேசி வெளியே வந்துவிடுகிறது. தோட்ட முகாமையாளரான துரை அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி அதில் இருக்கிறது. “இது இலத்திரனியல் சாட்சியம் ஐயா, அழித்துவிடாதீர்கள்” என்கிறார் சட்டத்தரணி.

இலத்திரன் என்பது ‘எலெக்ட்ரான்’ என்பதன் தமிழ் ஒலிவடிவம். இலங்கைப் பாடநூல்கள் நிலைநிறுத்திய சொல். கிரேக்க மூலத்தில் அதன் பொருள் அம்பர், அதாவது தேய்த்தால் துரும்பை இழுக்கும் மரப்பிசின் கல். ‘இலத்திரனியல்’ என்பதைத் தமிழ்நாட்டார் ‘மின்னணு’ என்கிறார்கள்.

‘சாட்சி’ வடமொழி: கண்ணோடு கூடியவர், நேரில் பார்த்தவர். பழந்தமிழில் இதற்குக் ‘கரி’ என்று பெயர். ‘இந்திரனே சாலுங் கரி’ என்கிறது குறள் (25). அந்த அடியிலுள்ள ‘சாலும்’ என்பதன் வேரான ‘சால்’ என்பதிலிருந்தே ‘சான்று’ பிறந்தது. கரியை மீட்கலாம் என்றால் அது அடுப்பில் கிடக்கிறது. ஆகவே நல்ல தமிழ் ‘மின்சான்று’ என்பேன். ஆனாலும் மலையகத்தில் வழக்காடுகிறவர் இலத்திரனியல் சாட்சியம் என்றே தேடட்டும். ‘மின்னணுச் சான்று’ என்று தேடினால், மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்ட, 2024 வரை நடைமுறையிலிருந்த இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு வந்து நிற்கும்; அந்தச் சான்றிதழுக்கும் நுவரெலியா நீதிமன்றத்துக்கும் தொடர்பில்லை.

இலங்கையின் கதை வேறு. 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் கணினியை அறியாதது. ஒலிப்பதிவுக்கும் கணினிப் பதிவுக்கும் வழிவிட்டது 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம். அதன்படி, விசாரணைத் திகதிக்கு 45 நாட்களுக்கு முன்பே எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். பிறகு 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் வந்தது. தன் எல்லைக்குட்பட்ட தரவுச் செய்திகளுக்கு (இலத்திரனியல் முறையில் உருவாக்கி அனுப்பும் தகவல்களுக்கு) 1995ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது என்றும் அது சொன்னது. எனவே எந்தச் சட்டத்தின் கீழ் ஒரு பதிவை முன்வைப்பது என்பதிலேயே பாதி வாதம் போய்விடுகிறது. சட்ட உதவி முதலில் தேவைப்படும் இடம் இது. 45 நாள் கணக்கைத் தவறவிட்டால் நல்ல பதிவும் வெளியே நிற்க நேரும்.

வேலைநீக்க வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபையில் இவ்வளவு இறுக்கம் இல்லை. கைத்தொழில் பிணக்குகள் சட்டப்படி, சாட்சியக் கட்டளைச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தாது. அதற்காக எதைக் காட்டினாலும் நம்புவார்கள் என்று பொருளல்ல. திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) மட்டும் இருந்தால், “வெட்டி ஒட்டியது” என்று எதிர்த்தரப்பு ஒரு வரியில் முடித்துவிடும். மூலச்செய்தி உள்ள கைப்பேசி, அனுப்பிய இலக்கம், திகதி, நேரம், இடையில் அது யார் கையில் இருந்தது என்ற விபரம் ஆகியவை வேண்டும். செய்தியை மகனுக்கு அனுப்பிவைத்துவிட்டுப் பழைய கைப்பேசியை விற்றுவிடுவது நம்மவர் வழக்கமாகச் செய்யும் பிழை.

கைப்பேசிக்குக் கண்ணில்லை. அந்தச் செய்தி தனக்கு எப்போது, எப்படி வந்தது என்று கூண்டிலேறிச் சொல்லப்போகிறவர் அந்தத் தொழிலாளிதான்.