ஆபரேஷனில் நரம்பு பாதித்தால் எங்கே முறையிடுவது? தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு ஒரு விளக்கம்

பாலக்கோடு தக்காளி மண்டியில் வழுக்கி விழுந்து என் பெரியம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் செய்தார்கள். மூன்றாவது வாரம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டார். இடது கால் செருப்பு நடு வீட்டிலேயே கழன்று கிடந்தது. அது அவருக்குத் தெரியவே இல்லை. பாதத்தை மேலே தூக்க முடியவில்லை. கேட்டபோது மருத்துவமனையில் சொன்னது இதுதான்: "வீக்கம் வத்தினா சரியாயிடும்மா, பொறுமையா இருங்க." அந்தப் பேச்சை நம்பியே எட்டு மாதம் ஓடிவிட்டது.

இந்தக் கட்டுரையை எழுதக் காரணம் அந்த எட்டு மாதம்தான். நரம்புக்கு ஒரு கெடு உண்டு, சட்டத்துக்கும் ஒரு கெடு உண்டு. காத்திருக்கும் காலத்தில் இரண்டுமே கரைகின்றன.

நரம்பின் கெடுவை முதலில் பார்ப்போம். அடிபட்ட நரம்பு மறுபடி வளரும் வேகம் ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். இடுப்பருகே பாதிப்பு, பாதத்தைத் தூக்கும் தசை முழங்காலுக்குக் கீழே என்றால் நடுவில் அரை மீட்டர் தூரம் இருக்கிறது. அதைக் கடக்கவே ஏறக்குறைய 500 நாள் ஆகும். தசையோ நரம்பில்லாமல் 12 முதல் 18 மாதம் கிடந்துவிட்டால், அதற்குப் பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் பழைய பலம் திரும்புவது கடினம். லேசான நசுங்கல் என்றால் சில வாரங்களில் தானாகவே சரியாகும், உண்மைதான். எது லேசானது, எது முழுதாக அறுந்தது என்று பிரித்துச் சொல்ல, நரம்பிலும் தசையிலும் மின்சமிக்ஞை எப்படிப் போகிறது என்று பார்க்கும் நெர்வ் கண்டக்‌ஷன், இ.எம்.ஜி. என்று இரண்டு சோதனைகள் உண்டு. பாதிப்பு ஏற்பட்டு மூன்று வாரம் கழித்து எடுத்தால் தெளிவாகத் தெரியும். ஆகவே மரத்துப்போனாலோ, கை கால் விழுந்தாலோ, தைராய்டு ஆபரேஷனுக்குப் பின் குரல் கம்மியே இருந்தாலோ, வேறு ஒரு நரம்பியல் மருத்துவரைப் பார்த்து எழுத்தில் கருத்து வாங்குங்கள். வைத்தியத்துக்கும் அது வேண்டும், வழக்குக்கும் வேண்டும்.

நரம்பு பாதித்தாலே அது டாக்டரின் குற்றமா?

இல்லை. இதை நேராகச் சொல்லிவிடுவது நல்லது. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சில ஆபரேஷன்களில் நரம்பு இழுபடும். அதே தகுதியுள்ள ஒரு சராசரி மருத்துவர் அந்த நிலையில் எப்படி நடந்திருப்பாரோ அப்படி இவர் நடந்தாரா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்திய அளவுகோல் இது. முடிவு மோசமாகிவிட்டது என்பது மட்டும் போதாது.

ஆனால் பலர் கவனிக்காமல் விடும் ஒன்று இருக்கிறது. ஆபரேஷன் மேசையில் என்ன நடந்தது என்று நிரூபிப்பது கடினம். அப்புறம் வார்டில் என்ன செய்யாமல் விட்டார்கள் என்பதைக் காட்டுவது அதைவிட எளிது. கால் அசைகிறதா என்று மறுநாள் பார்த்தார்களா? நோயாளி சொன்னதும் சோதனைக்கு எழுதினார்களா? மாவுக்கட்டு இறுக்கமாக இருக்கிறது என்று கத்தியும் பிரிக்காமல் விட்டார்களா? நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினார்களா? என் பார்வையில், நரம்பு வழக்குகளின் உயிர் பெரும்பாலும் இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது.

"ஒப்புதல் படிவத்தில் எல்லா ஆபத்தும் எழுதியிருக்கு, நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்க" என்று சொல்வார்கள். ஆபத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்றுதான் அந்தக் கையெழுத்துக்கு அர்த்தம். கவனக்குறைவை ஏற்றுக்கொள்கிறேன் என்று அர்த்தமில்லை. 2008இல் சமீரா கோலி வழக்கில், சிகிச்சை என்ன, அதன் ஆபத்து என்ன, மாற்று வழி என்ன என்று நோயாளிக்கு விளங்கும்படி சொல்லித்தான் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு சோதனைக்குத் தந்த ஒப்புதலை வைத்துக்கொண்டு வேறு ஆபரேஷனைச் செய்ய முடியாது என்றும் சொன்னது.

முதல் வேலை: கேஸ் ஷீட்

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். பெரியம்மாவின் சம்மரியில் காலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நல்ல நிலையில் வீட்டுக்கு அனுப்பியதாக அச்சடித்திருந்தார்கள். முழு கேஸ் ஷீட்டை வாங்கியபோது, ஆபரேஷனுக்கு மறுநாள் இரவு நர்ஸ் எழுதிய குறிப்பு உள்ளே இருந்தது. இடது பாதத்தைத் தூக்க முடியவில்லை என்று நோயாளி சொல்கிறார், பணி மருத்துவரிடம் தெரிவிக்கப்பட்டது என்று நீல மையில் இரண்டு வரி. அதற்குக் கீழே மருத்துவரின் குறிப்பு எதுவும் இல்லை. எங்கள் வழக்கே அந்த இரண்டு வரியின் மேல்தான் நிற்கிறது.

கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது விதி. 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். வாயால் கேட்காதீர்கள். ஐ.பி. எண் (உள்நோயாளி எண்), சேர்ந்த தேதி, வெளிவந்த தேதி போட்டு ஒரு வெள்ளைத்தாளில் எழுதுங்கள். ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, நர்ஸ் குறிப்பு, ஒப்புதல் படிவம், எக்ஸ்ரே, பில் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒரு நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அரசு மருத்துவமனை என்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படியும் கேட்கலாம். பதிலுக்கு 30 நாள் கெடு.

தனியார் மருத்துவமனை என்றால்: நுகர்வோர் ஆணையம்

பணம் கொடுத்துப் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டியிருந்தாலும் அது கட்டணச் சேவைதான் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே "உங்க கையில இருந்து ஒரு ரூபாகூட வாங்கலையே" என்று யாராவது மடக்கினால் அதோடு பின்வாங்கிவிடாதீர்கள்.

இப்போது நடப்பில் உள்ளது 2019ஆம் ஆண்டுச் சட்டம். நம் பக்கத்து மக்களுக்கு அதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் பெரிய வைத்தியம் என்றால் பெங்களூருக்குத்தான் ஓடுகிறோம். அரூர்க்காரர்கள் சேலம் போகிறார்கள். பழைய 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் பொதுவாக மருத்துவமனை இருக்கும் ஊரில்தான் வழக்குப் போட வேண்டியிருந்தது. இப்போது புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பெங்களூரில் ஆபரேஷன் செய்துகொண்ட சூளகிரிக்காரர் கிருஷ்ணகிரி மாவட்ட எல்லைக்குள்ளேயே வழக்கு நடத்தலாம். விழுந்த காலோடு பஸ் ஏறி இறங்குகிறவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது கூடப் போகிறவர்களுக்குத் தெரியும்.

எந்த ஆணையம் என்பதை நீங்கள் கேட்கும் நஷ்டஈட்டை வைத்துப் பார்ப்பதில்லை. மருத்துவமனைக்குக் கட்டிய தொகைதான் கணக்கு. 50 லட்சம் வரை கட்டியிருந்தால் மாவட்ட ஆணையம். அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், அதையும் தாண்டினால் டெல்லியில் தேசிய ஆணையம். ஒன்றரை லட்சம் கட்டியவர் அதைவிடப் பல மடங்கு நஷ்டஈடு கேட்டாலும் மாவட்டத்திலேயே கேட்கலாம். மனுக் கட்டணமும் அப்படித்தான்: கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. வக்கீல் இல்லாமல் நீங்களே நடத்தவும் சட்டம் இடம் தருகிறது. இணையவழியில் இ-ஜாக்ரிதி தளத்தில் தாக்கல் செய்யலாம். 1915 என்ற இலவச எண்ணில் வழி கேட்கலாம்.

இப்போது சட்டத்தின் கெடு. 2 ஆண்டு. எந்த நாளிலிருந்து என்பதில்தான் சிக்கல். பாதிப்பு உடனே வெளியில் தெரிந்திருந்தால் ஆபரேஷன் நாளிலிருந்தே எண்ணுவார்கள். உள்ளே மறைந்திருந்து பிறகு தெரியவந்திருந்தால் தெரிந்த நாளிலிருந்து. 2010இல் உச்ச நீதிமன்றம் இப்படிப் பிரித்துக் காட்டியது. தாமதத்துக்குத் தக்க காரணம் சொன்னால் மன்னிக்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதால் கெடு நீளாது. அதே மருத்துவமனையில் பிசியோதெரபி தொடர்கிறது என்பதாலும் நீளாது. நாங்கள் 22ஆம் மாதத்தில் தாக்கல் செய்தோம். அந்தக் கடைசி வாரம் ஜெராக்ஸ் கடைக்கும் வக்கீல் ஆபீசுக்கும் அலைந்த அலைச்சல் வேறு யாருக்கும் வேண்டாம்.

நஷ்டஈட்டில் என்னென்ன கேட்கலாம்? ஆன செலவு, இனி ஆகும் செலவு, இழந்த கூலி, துணைக்கு ஆள் வைத்த செலவு, பட்ட வேதனை எல்லாம். கூலி வேலை செய்கிறவர்களிடம் சம்பளச் சீட்டு இருக்காது. நூறு நாள் வேலை அட்டை, வங்கிப் பாஸ்புக், மண்டிக்காரரோ மேஸ்திரியோ எழுதித் தரும் கடிதம் இவற்றைச் சேர்த்துவையுங்கள். ஐதராபாத்தில் 1990இல் மார்புக் கட்டி ஆபரேஷனுக்குப் போன 20 வயதுப் பொறியியல் மாணவர் ஒருவருக்கு இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனது. தேசிய ஆணையம் கொடுத்த தொகையை உச்ச நீதிமன்றம் 2009இல் 1 கோடி ரூபாயாக உயர்த்தியது. சக்கர நாற்காலியிலிருந்து அவர் தானே வாதாடினார். நரம்பு அறுவைச் சிகிச்சை நிபுணரைக் கூட வைத்துக்கொள்ளாமல் ஆபரேஷன் செய்ததும், சோதனைக்கென்று வாங்கிய ஒப்புதலை ஆபரேஷனுக்குப் பயன்படுத்தியதும் அந்த வழக்கில் பெரிதாகப் பேசப்பட்டன.

மாவட்ட ஆணையத்தின் தீர்ப்பு சரியில்லை என்றால் 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். மருத்துவமனை மேல்முறையீடு போனால், கட்டச் சொன்ன தொகையில் பாதியை முதலில் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

அரசு மருத்துவமனை என்றால்

எல்லோருக்கும் இலவசமாகவே சேவை தரும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. சாந்தா தீர்ப்பே அப்படித்தான் சொல்கிறது. அதற்காக வழியில்லை என்று நினைத்துவிட வேண்டாம். அரசு மருத்துவரின் கவனக்குறைவுக்கு அரசு பொறுப்பு என்று 2000இல் சாந்த்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சிவில் கோர்ட்டில் வழக்குப் போடலாம். அதற்கு முன் அரசுக்கு 2 மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கோர்ட் கட்டணம் கட்ட வசதியில்லாதவர் பாப்பர் மனுவாகத் தாக்கல் செய்யலாம். தவறு ஆவணத்திலேயே பளிச்சென்று தெரிந்தால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். உண்மை எது என்று விசாரித்துத்தான் தெரிய வேண்டும் என்றால் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். மாநில மனித உரிமை ஆணையமும் உண்டு, அங்கே கெடு ஓராண்டுதான்.

மருத்துவ கவுன்சில், ஜே.டி. ஆபீஸ், போலீஸ்

டாக்டர் மேல் ஒழுங்கு நடவடிக்கை வேண்டும் என்றால் சென்னையில் உள்ள தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கு எழுதலாம். பெங்களூரு டாக்டர் என்றால் கர்நாடகக் கவுன்சில். கவுன்சில் பதிவை நிறுத்திவைக்கலாம், எச்சரிக்கலாம். பணம் வாங்கித் தராது. மருத்துவமனையின் வசதி, உரிமம் பற்றிய புகார் என்றால் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கு, அதாவது ஜே.டி. ஆபீசுக்குக் கொடுங்கள்.

போலீசைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு என் கருத்து: அது கடைசியில் யோசிக்க வேண்டிய வழி. மிக மோசமான அலட்சியம் இருந்தால்தான் கிரிமினல் வழக்கு நிற்கும். அதற்கும் முதலில் வேறொரு மருத்துவரின் கருத்தைப் போலீஸ் கேட்க வேண்டும் என்று ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு சொல்கிறது. ஆத்திரத்தில் மருத்துவமனைக் கண்ணாடியை உடைத்தால் 2008ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி நம் பிள்ளைகள்தான் சிறைக்குப் போவார்கள்.

வக்கீல் வைக்க முடியாதவர்களுக்கு

மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள். போன் எண் 15100. நரம்பு பாதித்து மாற்றுத்திறனாளிச் சான்று வாங்கியவருக்கு அந்தச் சான்றே இதற்குத் தகுதியாகிவிடும்.

பெரியம்மா அந்தச் சான்றுக்கு விண்ணப்பிக்க முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "வாங்கிட்டா கால் இனி வராதுன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடாதா?" என்று கேட்டார். அப்படி ஆகாது. முன்னேற வாய்ப்பு இருந்தால் தற்காலிகச் சான்றாகவே தருவார்கள், பிறகு மறுபடி பரிசோதிப்பார்கள். பாதிப்பு 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் அரசின் பல உதவிகளுக்கு வழி திறக்கும். எத்தனை சதவீதம் இயக்கம் போயிருக்கிறது என்று மருத்துவக் குழு எழுதிய அந்தத் தாளைத்தான், நர்சின் அந்த இரண்டு வரிக் குறிப்புக்கு அடுத்ததாக, எங்கள் வக்கீல் மனுவோடு சேர்த்தார்.